பூண்டு பிழைக்குமா என்று கேட்டவர்களுக்கு



இந்தப் பக்கத்தில் வழக்கமாக உபய விவரம், பிரதோஷ நேரம், பந்திக்கு ஆள் தேவை, இப்படித்தான் போடுவோம். இன்றைக்கு ஒரு நாயைப் பற்றி நீளமாக எழுதப் போகிறோம். நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

காரணம் இதுதான். நம்ம கோவிலுக்கு வருகிற ஒரு குடும்பம் வளர்க்கும் சிவாவா நாய்க்கு மூளையில் வீக்கம் என்று போன வாரம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தங்கச்சி செருப்பு விடுகிற இடத்திலேயே நிறுத்தி, "அண்ணே, உங்க பூண்டுக்கும் இதேதானே வந்துச்சு? எத்தனை நாள் இருக்கும்னு சொன்னாங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? இதற்கு முன்பும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று வீட்டில் பேசி முடிவு பண்ணினோம். நாங்கள் டாக்டர் இல்லை. படித்தது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனால் இந்த நோயோடு பதினைந்து மாதமாகக் குடும்பமே குடித்தனம் நடத்துகிறோம்.

பூண்டு என்பது எங்கள் வீட்டு மால்டீஸ். உரித்த பூண்டு மாதிரி வெள்ளையாக இருக்கிறாள் என்று சின்ன மகள் வைத்த பெயர். மடப்பள்ளியில் வெங்காயம் பூண்டு சேர்க்காத ஆளுங்க வீட்டில் பூண்டை மடியில வச்சுக் கொஞ்சுறாங்க என்று கோவிலில் கிண்டல் பண்ணாதவர்கள் கிடையாது. நோய் வந்தபோது அவளுக்கு நாலு வயது, எடை 3.6 கிலோ.

போன வருஷம் தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாள். பக்கத்தில் உள்ள கிளினிக்கில் காது பிரச்சினை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். காதுக்குள் கோளாறு இருந்தாலும் தலை சாயும், அது உண்மைதான். ஆனால் ஐந்தாம் நாள், "ஒரே பக்கமா வட்டம் அடிக்கிறா, சுவத்துல போய் நெத்திய முட்டிக்கிட்டு நிக்கிறா" என்று சொன்ன பிறகும் அதே சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னார்களே, அது இன்னும் மனசில் ஆறவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி ஷிப்ட்டில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன். வலிப்பு. வாயில் நுரை, நாலு காலும் துடுப்பு போடுவது மாதிரி அடிக்கிறது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டர் அம்மா சீனர். மலாயில் பொறுமையாக விளக்கினார். உடம்பில் கிருமி வந்தால் சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, காரணமே இல்லாமல் தன் மூளையையே தாக்க ஆரம்பித்துவிடுகிறது. மூளையும் அதைச் சுற்றியுள்ள சவ்வும் வீங்குகின்றன. மால்டீஸ், சிவாவா, பக், யார்க்ஷயர் டெரியர் போன்ற சின்ன ரகங்களில்தான் அதிகம் பார்க்கிறார்கள். இளம் வயதிலும் நடு வயதிலும் வரும். எதனால் என்று தெரியாததால் நோயின் பெயரே "காரணம் தெரியாத மூளை அழற்சி" என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது. மற்ற நாய்க்குத் தொற்றாது, மனிதருக்கும் தொற்றாது. இன்ன வகை என்று நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் மூளையிலிருந்து ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற நாய்க்கு அதைப் பெரும்பாலும் செய்வதில்லை. அதனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, கழுத்துக்குப் பின்னால் ஊசி போட்டு மூளையைச் சுற்றி ஓடுகிற நீரைக் கொஞ்சம் எடுத்து, டிஸ்டெம்பர் மாதிரி கிருமி நோய்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, இதுவாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஸ்கேனுக்கு மயக்க மருந்து வேண்டும். மூளையில் அழுத்தம் அதிகமாக இருக்கிற நாய்க்கு அந்த மயக்கமே ஆபத்து. அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நாங்களும் அந்தத் தங்கச்சி கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டோம். "எத்தனை நாள் டாக்டர்?"

அவர் நாள் எதுவும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 116 நாய்களை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொன்னார். இந்த நோய் என்று கண்டுபிடித்த ஏழு நாளுக்குள் அதில் 30 நாய்கள் போய்விட்டன. ஏறக்குறைய நாலில் ஒன்று. "முதல் வாரத்த தாண்டுறதுதான் முதல் வேலை. அதுக்கப்புறம் பேசலாம்" என்றார்.

வீட்டுக்காரம்மா அங்கேயே அழுதுவிட்டார். நாங்கள் இருபத்தெட்டு வருஷமாகக் கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறோம், காப்பார் பக்கம். இந்த மாதிரி எண்களோடுதான் தினமும் பிழைப்பு. அதனால் அந்த நாலில் ஒன்று என்பதை வேறு மாதிரி யோசிக்க முடிந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. ஒரு லாட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒவ்வொன்றிலும் 1000 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் பார்ப்போம். ஒழுகுவது எத்தனை என்று எண்ணி, அளவுக்குள் இருந்தால் லாட் பாஸ். அந்த எண்ணிக்கையை வைத்து லாட் எப்படி என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பெட்டியைத் திறந்து, "இந்த ஒரு கையுறை ஒழுகுமா?" என்று யாராவது கேட்டால் எந்தச் சூப்பர்வைசராலும் சொல்ல முடியாது. டாக்டர் சொன்ன எண்ணும் அப்படித்தான். அது 116 நாய்களைப் பற்றிய செய்தி. கூண்டில் படுத்திருக்கிற பூண்டுக்கு அது தேதி குறிக்கவில்லை.

அதற்காக எதுவுமே சொல்ல முடியாது என்றும் இல்லை. கை அச்சு சரியாகக் கழுவாமல் ஓடினால் அந்த லைனில் ஓட்டை கூடும் என்று எங்களுக்குத் தெரியும் இல்லையா, அதுபோல டாக்டர்களுக்கும் சில அடையாளங்கள் தெரியும். அந்த 116 நாய்களில் முதல் வாரம் தாண்டாதவற்றில் அதிகம் காணப்பட்டவை என்று மூன்றைச் சொன்னார். நினைவு மங்கிப்போய், கூப்பிட்டால் திரும்பாமல் கிடப்பது ஒன்று. வலிப்பு வந்திருப்பது. அப்புறம் அந்த மூளை நீரில் நியூட்ரோபில் என்கிற ஒரு வகை வெள்ளை அணுவின் பங்கு கூடுதலாக இருப்பது. வேறு ஒரு ஆய்வில் ஸ்கேன் படத்தையும் பார்த்திருக்கிறார்கள். மூளையின் மடிப்புகள் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தாலோ, மூளையின் பின்பகுதி மண்டை ஓட்டின் அடி ஓட்டை வழியாகக் கீழே பிதுங்கியிருந்தாலோ ஆபத்து கூடுதல். எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்வதில்லை என்றும் சேர்த்தே சொன்னார். நாய்களின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மருந்து வேறு, அதனால் ஒன்று ஆமாம் என்பதை இன்னொன்று இல்லை என்கிறது.

பூண்டுக்கு வலிப்பு வந்திருந்தது. ஆனால் பெயர் சொன்னால் காது அசைந்தது. மடிப்புகள் தெரிந்தன, பிதுங்கல் இல்லை. ஒன்று கெட்டது, மற்றவை பரவாயில்லை. அவ்வளவுதான் கையில் இருந்த ஜாதகம்.

இன்னொரு விஷயம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களே கேட்டுத் தெரிந்துகொண்டோம். இப்படிப்பட்ட கணக்குகளில் தானாக இறந்த நாயும், வீட்டுக்காரர்கள் சம்மதித்து ஊசி போட்டுத் தூங்க வைத்த நாயும் ஒரே பக்கம்தான் சேரும். தூங்க வைப்பதற்கு வலி ஒரு காரணம், வலிப்பு நிற்காதது ஒரு காரணம், பணம் இல்லாததும் ஒரு காரணம். "பிழைக்காது" என்று கேள்விப்பட்டு முதல் நாளே கைவிட்டவர்களின் நாயும் அதில் வரும். அடுத்து வருகிற குடும்பம் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கைவிட்டால், எண் இன்னும் கூடும். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேராமலே போன நாய்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. தொழிற்சாலையில் ஒரு ரிப்போர்ட் வந்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், எதை எண்ணினாய், எதை விட்டாய் என்று கேட்போம். இங்கேயும் அதைத்தான் கேட்டோம்.

அந்த முதல் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, நாலு நாள் வீடு. பிரெட்னிசோலோன் அதிக அளவில் ஆரம்பித்தார்கள். அதோடு சைட்டராபின் என்று ஒரு ஊசி. மனிதருக்கு ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து அது. வலிப்புக்குத் தனி மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு செக் ஷீட் ஒட்டினோம், லைனில் ஒட்டுகிற மாதிரியே. சாப்பாடு, தண்ணீர், கூப்பிட்டால் திரும்புகிறாளா, எந்தப் பக்கம் சுற்றுகிறாள், வலிப்பு என்றால் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். இரண்டு மகள்களும் அம்மாவும் முறை போட்டுக் குறித்தார்கள். நாலாம் நாள் சின்ன மகள், "சுத்துனா, ஆனா பதினோரு சுத்துதான்" என்று எழுதியிருந்தாள். முந்தின நாள் முப்பதுக்கு மேல். டாக்டர் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் கோவிலிலும் நிறைய கணிப்பு கிடைத்தது. யாரையும் புண்படுத்த எழுதவில்லை. "பைரவர் வாகனம், ஒண்ணும் ஆகாது" என்றார் ஒரு பாட்டி. "உங்க வீட்டுக்கு வர இருந்த கண்டத்த நாய் வாங்கிக்கிச்சு, விட்டுடுங்க, அது போனாத்தான் நல்லது" என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது பேச்சு நம்மவர்களிடம் ரொம்ப சகஜம். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் பெரிய மகள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நமக்காக ஒரு உயிர் சாகிறது என்று ஒரு பிள்ளை தலையில் ஏற்றி வைப்பது என்ன நியாயம்? மூன்றாவது ஒருவர் ஸ்டீராய்டு ஈரலைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு வேப்பிலைச் சாறு கொடுங்கள் என்றார். பிரெட்னிசோலோனைச் சட்டென்று நிறுத்தினால் நாயின் உடம்பு நிலைகுலைந்துவிடும். அடங்கிக் கிடக்கிற வீக்கமும் திரும்பி எழும். குறைப்பதாக இருந்தால் மாதக் கணக்கில், டாக்டர் சொன்னபடி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து மனசில் வையுங்கள்.

பிரார்த்தனை பண்ணினீர்களா என்று கேட்பீர்கள். பண்ணினோம். தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்தினோம். மாத்திரை கொடுக்கிற நேரம் வந்தபோது அர்ச்சனை முடிகிற வரைக்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடியும் வந்தோம்.

ஏழாம் நாள் பூண்டு தட்டில் இருந்த சோற்றைத் தானே எழுந்து வந்து சாப்பிட்டாள்.

பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி. ஊசி போட்டு இரண்டு மூன்று நாளைக்கு மூத்திரம், மலம் எதையும் வெறுங்கையால் தொடக்கூடாது. மருந்து அதில் வெளியே வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வரக்கூடாது. கையுறைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா, சொல்லுங்கள்! ஸ்டீராய்டினால் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வீடெல்லாம் மூத்திரம், எப்போதும் பசி, வயிறு பானை மாதிரி. ரத்தப் பரிசோதனை அடிக்கடி. செலவைப் பற்றி ஒரே வரி: போன வருஷ போனஸ் முழுக்க அதில்தான் போனது. முடியாதவர்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் எடுக்க வழியில்லை என்றால், கிருமி நோய்களை முடிந்த அளவு பார்த்துவிட்டு, சந்தேகத்தின் பேரிலேயே மருந்து ஆரம்பிக்கிற டாக்டர்களும் உண்டு. நாளைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது. மருந்து இல்லாமல் விட்டால் இந்த நோய் சும்மா இருக்காது.

மூன்றாம் மாதம் இன்னொரு படி. மறுபடியும் மயக்கம் கொடுத்து மூளை நீரை எடுத்துப் பார்ப்பது. பூண்டு நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருந்தாள், எதற்கு மறுபடி ஊசி என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. அந்த நேரத்தில் நீர் சுத்தமாக இருந்தால் நோய் திரும்ப வருவது குறைவு, இல்லையென்றால் அதிகம் என்று ஒரு ஆய்வு சொல்கிறது, மருந்தை எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம் என்று அதை வைத்து முடிவு பண்ணலாம் என்றார் டாக்டர். எடுத்தோம். நீர் சுத்தம். அன்றைக்குக் கோவிலில் சர்க்கரைப் பொங்கல் எங்கள் உபயம், சாப்பிட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எட்டாம் மாதம் திரும்ப வந்துவிட்டது.

மாத்திரையைக் குறைத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. காலையில் பார்த்தால் பழையபடி இடது பக்கமாகச் சுற்றுகிறாள். செக் ஷீட்டை எடுத்துவிட்டோமே தவிர கண் பழகியிருந்தது, அரை நாளில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மகள் டாக்டரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டாள், "நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?" அவர் கோபப்படவில்லை. "குறைவுன்னு சொன்னேன்ம்மா, வராதுன்னு சொல்லல" என்றார். பெட்டிக்குள் இருக்கிற ஒரு கையுறை கதைதான் மறுபடியும். மருந்தைக் கூட்டினார்கள், மூன்று வாரத்தில் அடங்கியது. இடது கண் பார்வை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் தூங்க வைக்கிற பேச்சு வீட்டில் முதல் தடவையாக வந்தது. பாவமா, புண்ணியமா என்று ராத்திரியெல்லாம் பேசினோம். கடைசியில் குருக்களிடம் போய்க் கேட்டோம். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு வலி இருக்கா, பசிக்குதா, உங்களத் தெரியுதான்னு மொதல்ல பாருங்க. அத டாக்டரு சொல்லணும், நீங்க பக்கத்துல இருந்து பார்க்கணும். என்னைக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பூண்டுக்கு அன்றைக்குப் பசித்தது. எங்களைத் தெரிந்தது. அதனால் அந்தப் பேச்சை அப்படியே ஒதுக்கி வைத்தோம். சிலருக்கு அந்தப் பதில் வேறு மாதிரி வந்திருக்கும். அப்படி முடிவெடுத்த ஒரு குடும்பம் நம்ம கோவிலிலேயே இருக்கிறது, அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தங்கச்சி, இனி உங்களுக்கு. உங்கள் நாய்க்கு இன்றோடு ஐந்தாம் நாள் என்று நினைக்கிறோம். எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பதற்குப் பதில் டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நினைவு எப்படி இருக்கிறது, ஸ்கேனில் வீக்கம் எந்த அளவு, மூளை நீரில் என்ன வகை அணுக்கள், இன்றைக்கு எந்த மாற்றத்தைப் பார்த்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதற்கெல்லாம் அவர்களிடம் பதில் இருக்கும். வலிப்பு வந்தால் நேரம் பாருங்கள், வாய்க்குள் கையோ கரண்டியோ வைக்காதீர்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். செக் ஷீட் வேண்டுமென்றால் எங்களிடம் பழையது இருக்கிறது, ஆபீஸ் மேசையில் வைத்துவிடுகிறோம். பெட்டியில் கையுறையும் வைக்கிறோம், லாட் பாஸ் ஆனதுதான்.

பூண்டு இப்போது 4.1 கிலோ. மாத்திரை பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது, ஊசி ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. இடது பக்கம் அரிசி மூட்டை இருப்பது தெரியாமல் தினமும் முட்டிக்கொள்கிறாள், மூட்டையை நகர்த்தலாம் என்றால் வீட்டுக்காரம்மா அவள் அதை வைத்துத்தான் சமையலறைக்கு வழி தெரிந்துகொள்கிறாள் என்கிறார். அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு இருப்பாளா என்று எங்களைக் கேட்காதீர்கள்.

அடுத்த ஊசி வருகிற சனிக்கிழமை மதியம். அன்றைக்கு அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளி தூக்க எங்கள் இடத்தில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள்.